பெதானியின் நிறத்துக்கு ஒரு லென்ஸ்

உர்சுலாவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். வேய்னைக் கட்டிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து கடல் கடந்து பிடோக்குக்கு வந்த புதிதில், புகுந்த வீட்டார் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கத்திச் சண்டை போட்டுவிட்டு, சோறு ஆறுவதற்குள் ஒன்றாகச் சாப்பிட உட்காருகிற குடும்பம் அது. இவள் அப்படியில்லை. இரண்டு வார்த்தையை மெதுவாகச் சொல்வாள், பிறகு மாதக்கணக்கில் அதை நெஞ்சுக்குள் வைத்து வேகவைப்பாள். வேய்ன் மட்டும் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டான். "இவ சத்தம் குறைஞ்சா வீட்டை விட்டு ஓடிருங்க லா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் இரண்டு முறை பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். அடுப்பை அணைத்தோமா என்று லிஃப்ட் வரை போய்த் திரும்பி வருவாள். நிரந்தரவாச அனுமதியைப் புதுப்பிக்கும் தேதி வருவதற்கு வெகுநாள் முன்பே தூக்கம் கெட்டுவிடும். பிறந்த ஊரில் அவளுக்கென்று வீடில்லை. இந்த ஊரோ இன்னும் அவளை வாசற்படியிலேயே நிறுத்திவைத்திருப்பதுபோல ஓர் எண்ணம். அந்தப் பதற்றத்துக்கு அவள் கண்டுபிடித்த மருந்து கேமரா. கேமராவின் பின்னால் நிற்கும்போது, நீ யார், இங்கே ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் வீடு மாறிப் போனதும் அந்தப் பொறுப்பு தானாக உர்சுலாவின் தோளில் ஏறியது. புதுநன்மை, திருவிழா, பாடகர் குழு, கல்யாணம், எல்லாம். பங்குச் சாமியார் நல்லவர், ஆனால் இரண்டு விஷயங்களில் கறார். கோயிலுக்குள் பிளாஷ் அடிக்கக்கூடாது. பீடத்துக்குப் பக்கமாக, முதல் பெஞ்சைத் தாண்டி யாரும் போகக்கூடாது. அந்த மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில், கேமராவோடு இலவசமாக வந்த லென்ஸை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தூரத்தில் இருப்பதை இழுத்துப் பார்த்தால் லென்ஸின் துவாரம் சுருங்கும். வெளிச்சம் போதாமல் கேமரா தானே பிரகாசத்தைக் கூட்டும். கூட்டினால் படமெங்கும் மணல் தூவியதுபோல ஆகிவிடும். அந்த மணலும் ஆள் பார்த்துத்தான் விழும். சீன முகங்களில் லேசாக, தமிழ் முகங்களில் அப்பிக்கொண்டு. வெள்ளை அங்கியையும் வெள்ளைச் சுவரையும் பார்த்துக் கேமரா கணக்குப் போட்டுவிட்டு, கறுத்த முகங்களை இருட்டில் தள்ளிவிடும். ஒவ்வொரு ஞாயிறும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரியும்.

இந்த நிலையில்தான் பெதானிக்குக் கல்யாணம் முடிவானது.

பெதானி, வேய்னின் அண்ணன் அற்புதராஜின் மகள். மூத்தவனுக்கு அற்புதராஜ் என்று பெயர் வைத்த அப்பா, இளையவன் பிறப்பதற்குள் நாகரிகப்பட்டு வேய்ன் என்று வைத்ததாகக் குடும்பத்தில் ஒரு கேலி உண்டு. பெயர் போகட்டும், நிறத்தில் அண்ணன் மகா கறுப்பு. பெதானி அப்பாவை உரித்து வைத்தவள். மாப்பிள்ளை ரயன் சீனப் பையன், அதே கோயிலில் ஆங்கிலப் பூசையில் கிட்டார் வாசிப்பவன்.

நிச்சயம் முடிந்த வாரம் பெதானி சித்தியைத் தேடி வந்தாள். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"சித்தி, நீங்கதான் எடுக்கணும். வேற யாரும் வேணாம்."

"சர்ச் இருட்டுடி. என் லென்ஸ் லாயக்கில்ல."

"லென்ஸ் மாத்துங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சித்தி. என்னை என் கலர்லயே எடுங்க. ஸ்கூல் போட்டோ, கிராஜுவேஷன் போட்டோ, எதுலயும் நான் இல்ல. ஒண்ணு, இருட்டுல நிக்கிறேன். இல்ல, எவனோ மாவு பூசி விட்டிருக்கான். என் கல்யாணத்துலயாவது நான் இருக்கணும்."

உர்சுலா சரி என்றாள். அவள் சரி என்று சொன்னால் அது கையெழுத்துப் போட்ட மாதிரி.

சேதி அற்புதராஜின் காதுக்குப் போனது. "லென்ஸ் என் செலவு. என் பொண்ணு கல்யாணம்" என்று அவராகவே போன் செய்து சொன்னபோது உர்சுலா அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பல வருடமாக இணையத்தில் பார்த்துப் பார்த்து மூடி வைத்த சமாச்சாரம் அது. அகலமாகவும் எடுக்கும், கொஞ்சம் கிட்டே இழுத்தும் எடுக்கும், எப்படி இழுத்தாலும் துவாரம் சுருங்காமல் டூ பாயின்ட் எயிட்டிலேயே நிற்கும் ஜூம். அந்த எண் எவ்வளவு சிறிதோ துவாரம் அவ்வளவு பெரிது. தாலி கட்டும் நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியாது, முதல் பெஞ்சைத் தாண்டவும் முடியாது. ஒரே லென்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றில் வந்து நின்றிருந்தாள். கேமரா கம்பெனியே செய்வது, அம்மிக்கல் கனம். வேறு கம்பெனி செய்வது, அதே துவாரம், பாதி கனம், ஆனால் அகலம் ஒரு பிடி குறைவு. மூன்றாவது எஃப் ஃபோர்: நீளமாக இழுக்கும், ஊரில் எல்லோரும் சிபாரிசு செய்வது, ஆனால் பாதி வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும்.

சனிக்கிழமை உர்சுலா, அற்புதராஜ், பெதானி மூவரும் சிட்டி ஹால் பக்கத்துப் பழைய காம்ப்ளெக்ஸில் ஒரு கேமராக் கடைக்குப் போனார்கள். கடையில் ரவூப் என்று ஒரு தமிழ்ப் பையன் நின்றான். கேட்டது உர்சுலா. பதில் போனது அற்புதராஜுக்கு.

"அங்கிள், இது ஒரிஜினல் கம்பெனி. ஆனா மேடத்துக்கு வெயிட்டா இருக்கும். லேடீஸ்லாம் இந்த எஃப் ஃபோர்தான் எடுப்பாங்க. ரேஞ்சும் ஜாஸ்தி."

"மேடம் பத்துக் கிலோ அரிசி மூட்டையை மார்க்கெட்ல இருந்து தூக்கிட்டு வர்றவ" என்றாள் உர்சுலா. குரல் ஒரு படி இறங்கியிருந்தது. "மூணையும் கண்ணாடி மேல வைங்க."

ரவூப் வைத்தான். அவள் ஒவ்வொன்றாகக் கேமராவில் பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அற்புதராஜுக்குப் பொறுமை போய்விட்டது. கண்ணாடி மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ரகசியம் கேட்பவர்போல, ஆனால் கடை முழுவதும் கேட்கும்படி, கேட்டார்.

"தம்பி, சுருக்கமாச் சொல்லு. சர்ச்சுக்குள்ள எடுக்கணும், பிளாஷ் கூடாது. இதுல எதைப் போட்டா பொண்ணு கொஞ்சம் வெள்ளையா வரும்?"

ரவூப் பெதானியைப் பார்த்தான், உடனே பார்வையைக் கண்ணாடிக்குத் திருப்பிக்கொண்டான். வியாபாரி. "டூ பாயின்ட் எயிட் எடுங்க அங்கிள். ஃபோரைவிட டபுள் லைட்டு. முகம் நல்லா பிரைட்டா வரும்."

"அப்ப அதையே போடு. ஒரிஜினலையே போடு."

உர்சுலா கேட்ட லென்ஸ்தான். பல வருடம் ஆசைப்பட்டது, கைக்கெட்டும் தூரத்தில், இன்னொருவர் செலவில். அவள் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டுமே. மூடிக்கொண்டுதான் இருந்தாள். பில் போட ரவூப் நாலடி நடந்து போகும் வரை மூடிக்கொண்டிருந்தாள். அப்போது பெதானியைப் பார்த்தாள். பெண் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரல் மட்டும் நகரவில்லை.

"அத்தான்" என்றாள் உர்சுலா. "லென்ஸ் யாரையும் வெள்ளையாக்காது."

"அவன்தானே சொன்னான் டபுள் லைட்டுன்னு."

"வெளிச்சம் டபுள். தோல் அதே தோல். ரவூப், பில் போடாதீங்க. வெளியே படிக்கட்டுல போய் ரெண்டு படம் எடுக்கணும்."

"ஐசி வச்சிட்டுப் போங்கக்கா" என்று அடையாள அட்டையைக் கேட்ட ரவூப், பிறகு என்ன நினைத்தானோ, தானும் கூடவே வந்தான்.

கடைக்குப் பின்னால், தீப்பிடித்தால் இறங்கி ஓடுவதற்கான படிக்கட்டு. ஒற்றை டியூப்லைட், சிகரெட் நாற்றம். கோயிலைவிடக் கொஞ்சம்தான் இருட்டு. பெதானியைப் படியில் உட்காரவைத்து, எஃப் ஃபோரில் ஒன்று, டூ பாயின்ட் எயிட்டில் ஒன்று எடுத்தாள். பிரகாசம் இரண்டிலும் ஒன்றாக வரும்படி கேமராவையே பார்த்துக்கொள்ள விட்டாள். திரையில் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினாள்.

அற்புதராஜ் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "ரெண்டுலயும் ஒரே கறுப்புதானே. இதுக்கா இவ்வளவு விலை?"

"ஒரே கறுப்பு இல்லப்பா." பெதானி எட்டிப் பார்த்தாள். "இதுல நான் புழுதியில விழுந்து எழுந்த மாதிரி இருக்கேன். இதுல பாருங்க, கன்னத்துல அந்தப் பளபளப்பு. கண்ணுக்குக் கீழே மச்சம் கூடத் தெரியுது. இது நான்."

"சரிம்மா, பளபளப்பையே வாங்கிக்குவோம். அப்புறம் சித்தி கம்ப்யூட்டர்ல கலரைக் கொஞ்சம் ஏத்தி விடுவா. இப்ப எல்லாரும் செய்யறதுதானே."

"மாட்டேன்" என்றாள் உர்சுலா.

"என்ன மாட்டேன்?"

"அவ முகத்தை ஏத்த மாட்டேன்."

இதைச் சொன்ன குரல் மிகவும் தாழ்ந்திருந்ததால் ரவூப்புக்குச் சரியாகக் கேட்டிருக்காது. அற்புதராஜுக்குக் கேட்டது. அவருக்கும் சுள்ளென்று ஏறியது.

"உனக்கு என்ன தெரியும்? செம்பவாங்ல எங்கப்பா டாக்யார்டுல வேலை. நான் படிச்ச கிளாஸ்ல, லைட்டு அணைஞ்சா போதும், 'ராஜ், சிரிடா, எங்க இருக்கேன்னு பார்க்கணும்'பானுங்க. ஆர்மியிலயும் அதான், ஆபீஸ்லயும் அதான். நானும் சிரிச்சேன், லா. ரிடையர் ஆகற வரைக்கும் சிரிச்சேன். நாளைக்கு ரயன் வீட்டுக்காரங்க நூறு பேர் அந்தப் போட்டோவைப் பார்ப்பாங்க. என் பொண்ணைப் பார்த்து ஒருத்தன் அந்த ஜோக்கை அடிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

உர்சுலாவுக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடியது. "உங்களைச் சொன்னவன் வாயை உங்களால அடைக்க முடியல அத்தான். அதுக்கு உங்க பொண்ணு மூஞ்சியை அழிக்கச் சொல்றீங்க. ஜோக்கு அடிச்சவன் ஜெயிச்சிட்டான்."

ரவூப் டியூப்லைட்டை ஆராய்ந்தான்.

"நேத்து வந்தவ நீ" என்றார் அற்புதராஜ். "இந்த ஊரைப் பத்தி எனக்குச் சொல்றியா?"

இருபது வருடத்துக்கு முந்தைய நேற்று. அவள் கடைக்குத் திரும்பி நடந்து, பாதி கனத்து டூ பாயின்ட் எயிட்டைக் கண்ணாடி மேல் ரவூப்பின் பக்கமாகத் தள்ளி, தன்னுடைய கார்டை அதன் பக்கத்தில் வைத்தாள். ஒரிஜினலுக்கு அவள் கை எட்டாது. அகலத்தில் ஒரு பிடி போகும். போகட்டும்.

"நல்ல சாய்ஸ் மேடம்" என்றான் ரவூப், முதல் தடவையாக அவளைப் பார்த்து. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

கல்யாணத்தன்று மதியம் வானம் கறுத்துக் கொட்டியது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரவேண்டிய கொஞ்ச வெளிச்சமும் போயிற்று. பெதானி பாலாடை நிறப் பட்டுச் சேலையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். உர்சுலா நடைபாதையில் பின்வாங்கிப் பின்வாங்கி எடுத்தாள். இன்னும் ஒரு பிடி அகலம் இருந்தால் இருவரையும் காலோடு சேர்த்து எடுத்திருக்கலாம். அது இல்லாமல் முதுகு பெஞ்சில் இடித்தது. மோதிரம் மாற்றும்போது லென்ஸ் முகத்தை விட்டுவிட்டுப் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டது. துவாரம் பெரிதானால் தெளிவு மெலிந்துபோகும், ஒரு விரல்கடை தப்பினாலும் தப்பியதுதான். தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். தாலி நேரத்தில் சித்திமார்களும் மாமிமார்களும் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தார்கள். ஒரு மாமியின் அக்குள் இடைவெளியில் கேமராவை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். ரயனின் வெள்ளை விரல்கள் முடிச்சோடு தடுமாற, பெதானி கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சம் எண்ணெய் தடவியதுபோல வழிந்தது. மச்சம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, உதட்டை இறுக்கிக்கொண்டு அற்புதராஜ்.

படங்களைப் பார்த்த இரவு பெதானி அனுப்பிய செய்தியில் ஒரே வரிதான் இருந்தது. "இருக்கேன் சித்தி."

உர்சுலா எல்லாப் படங்களையும் பென் டிரைவில் போட்டுக் குடும்பத்துக்குக் கொடுத்தாள். அங்கேதான் ஏமாந்தாள். இரண்டு முறை பார்க்கிறவள், அந்த ஒன்றை யோசிக்கவில்லை.

அடுத்த மாதம் அற்புதராஜ் சம்பந்தி வீட்டாரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். உர்சுலாவும் வேய்னும் உள்ளே நுழைந்தபோது எதிர்ச் சுவரில் அது மாட்டியிருந்தது. தாலி கட்டும் படம், கதவு அகலத்துக்கு, தங்க நிறச் சட்டத்தில். லிட்டில் இந்தியாவில் தெரிந்த ஒரு கடையில் கொடுத்துச் செய்தாராம். கடைக்காரன் கைராசிக்காரன் போல. பெதானியின் முகம் நனைந்த சாம்பல் நிறத்தில் இருந்தது. மச்சம் போயிற்று, மெழுகுவர்த்தி வெளிச்சம் போயிற்று. ஏற்கெனவே வெளுத்த ரயன் அந்த ஏற்றத்தில் ஃபிரிட்ஜ் கதவுபோல ஆகியிருந்தான்.

வேய்ன் அவள் முழங்கையைப் பிடித்தான். "வேணாம். விருந்தாளிங்க இருக்காங்க. அப்புறம் பேசிக்கலாம்."

"நான் எதுவும் சொல்லலையே" என்றாள் உர்சுலா, யாருக்கும் கேட்காத குரலில். வேய்ன் கையை எடுத்துக்கொண்டான்.

அவள் சொல்லத் தேவையும் வரவில்லை. ரயனின் அம்மா ஆரஞ்சுப் பழப் பையோடு உள்ளே வந்தவர், மரியாதைக்காகப் படத்தின் முன் நின்றார். நல்ல மனுஷி, கள்ளம் இல்லாதவர். தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். தம் மகனைத் தெரிகிறது, பக்கத்தில் இருப்பது யார், சொந்தக்காரப் பெண்ணா, இதில் பெதானி எங்கே.

 பெதானி கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றி, சுவரைப் பார்த்துத் திருப்பி சோபாவுக்குப் பின்னால் வைத்தாள். "அது நான் இல்ல அத்தை" என்று மாமியாரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, எல்லோருக்கும் பிரியாணி பரிமாறினாள். அப்பாவுக்கு மட்டும் பரிமாறவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதன் பிறகும் அப்பாவோடு அவள் பேசவில்லை.

சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியது. அற்புதராஜ் அதைப் பிடுங்கவுமில்லை, வேறெதையும் அதில் மாட்டவுமில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் உர்சுலாவைக் கூப்பிட்டார். "அந்த லென்ஸை எடுத்துட்டு வா." காரணம் சொல்லவில்லை. அவள் போனபோது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ஷேவ் செய்துகொண்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு படம் எடு. ஆபிச்சுவரிக்கு."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. எப்படியும் ஒருநாள் பேப்பர்ல போடுவீங்கல்ல. நீங்க பாட்டுக்கு எதையாவது போட்டு, வந்து பார்க்கிறவன் செத்தது யாருன்னு கேட்கக் கூடாது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏத்தாதே. இருக்கிற கலர்ல எடு."

நல்ல பக்கவாட்டு வெளிச்சம். முகத்தின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. இந்த லென்ஸ் எதற்காக உருவாக்கப்பட்டதோ அதற்கான முகம். உர்சுலாவின் விரல்கள் பரபரத்தன. ஆனால் லென்ஸின் மூடியை அவள் கழற்றவில்லை.

"முதல்ல பெதானிக்குப் போன் போடுங்க அத்தான்."

"எதுக்கு?"

"உங்களுக்கு உங்க கலர் வேணும். அவளும் அதைத்தான் கேட்டா. கேட்டவளை விட்டுட்டு உங்களை எடுத்தா என் கை கூசும்."

"மிரட்டுறியா?"

"ஆமா."

அற்புதராஜ் ஜன்னலைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். நெடுநேரம் அடித்தது.

"என்னப்பா. வேலையில இருக்கேன்."

"ஒண்ணுமில்லம்மா. அந்தப் படம்... அந்தக் கடைக்காரன்கிட்ட... நான்தான் சொன்னேன் ஏத்தச் சொல்லி. தப்புத்தான்."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. "சித்தி பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா."

"அவங்க சொல்லித்தான் பேசறீங்களா?"

அற்புதராஜ் உர்சுலாவை முறைத்தார். உர்சுலாவும் முறைத்தாள்.

"ஆமா" என்றார்.

"சரி. உண்மையையாவது சொன்னீங்க." மறுபடி விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சாப்பிடுங்க. சாயங்காலம் வரேன். நல்ல படத்தை நானே பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வரேன். ஆணி இருக்கா?"

"இருக்கு" என்றார் அற்புதராஜ்.

போனை மடியில் வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உர்சுலாவுக்குக் கோபம் முழுதாகத் தணியவில்லை. 'நேத்து வந்தவ' இன்னும் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது, அதற்கு வேறொரு நாள் இருக்கிறது. மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டாள். துவாரத்தை முழுதாகத் திறந்துவிட்டு அவர் கண்ணில் லென்ஸைக் குவித்தாள்.

"சிரிக்காதீங்க அத்தான்" என்றாள். "அப்படியே இருங்க. எனக்கு நல்லாத் தெரியறீங்க."